துணைக்குப் போனவள்

பெரிய டீச்சரின் தாலிச் செயின் என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருக்கும். மதுரை ஆஸ்பத்திரியில் மார்பைப் படமெடுக்கும் அறைக்குள் போகுமுன் நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். அவர் தகராறு பண்ண மாட்டார். மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றைக் கைப்பையிலிருந்து எடுத்து முதலில் கழுத்தில் கட்டிக்கொள்வார். பிறகுதான் செயின் என் கைக்கு வரும். வெறுங்கழுத்தாக ஒரு நொடிகூட நிற்க அவருக்கு மனம் வராது. அவர் வெளியே வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பொத்திக்கொண்டிருப்பது என் வேலை.

காரைக்குடியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் அவர் பெரிய டீச்சர். ஐம்பது வயதானதும் டாக்டர் சொல்லி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனைக்குப் போக ஆரம்பித்தார். வலியில்லை, கட்டியில்லை, குடும்பத்தில் யாருக்கும் மார்பில் புற்று வந்ததுமில்லை. நன்றாக இருக்கும்போதே பார்த்துக்கொள்வதுதான் இது என்பார். எங்கள் பக்கத்தில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை, அதனால் துணைக்கு நான். உண்மையைச் சொன்னால் அந்த நாளுக்காக ஏங்கிக் கிடப்பேன். பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டு, திருப்பத்தூர் தாண்டியதும் அவர் பிரிக்கும் புளியோதரைப் பொட்டலம், வேலை முடிந்ததும் சேலைக் கடை. திரும்பி வரும்போது நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்ப்பார். அப்படி வாய்விட்டுச் சிரித்து ரொம்பக் காலமாகிறது.

ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒன்றுமில்லை என்றே வரும். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கும் அப்பாடா என்றிருக்கும். அங்கேதான் நான் கோட்டை விட்டேன். நாலு முறை கூடப் போய்வந்ததில், என்னையும் பார்த்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு மனதில் உட்கார்ந்துவிட்டது. அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யாருக்கும் இல்லை என்கிற தைரியம் வேறு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளின் லட்சணம் இது.

ஐந்தாவது முறை, அவர் வெளியே வந்ததும் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். பெரிய டீச்சர்தான் என்னிடம் சொல்லாமல் பதிந்திருக்கிறார். எனக்குக் கூச்சம். இன்னொரு நாள் பார்க்கலாம், தாலியைக் கழற்றக் கயிறுகூடக் கொண்டுவரவில்லை என்று மழுப்பினேன். அவர் கைப்பையைத் திறந்து இன்னொரு கயிற்றை எடுத்தார்.

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு கயிறுதான் டீச்சர் கொண்டாருவேன். நீங்களாக் கேப்பீகன்னு பாத்தேன்."

என் படத்தில் சின்னதாக ஏதோ தெரிந்தது. கைக்குத் தட்டுப்படாத அளவுதான். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. இந்த அளவில் கிடைத்தது நல்லது என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். பிழைத்தேன். நல்லவேளை என்னை உள்ளே தள்ளிவிட்டீர்கள் என்று நன்றி சொல்லப் போனேன். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ அழுதார்.

"மொதத் தடவையே கையப் புடிச்சு உள்ள தள்ளியிருக்கணும். மரியாத பாத்துக்கிட்டு எட்டு வருசம் பேசாம இருந்துட்டேனே."

கேட்டிருக்க வேண்டியவள் நான். அதைச் சொல்லியும் அவர் ஆறவில்லை.

நெஞ்சுவலியில் அவர் போய் மூன்று வருடமாகிறது. இப்போது பரிசோதனைக்கு நான் தனியாகவே போய்வருகிறேன். அதே வழியில்தான் பஸ் போகிறது, திருப்பத்தூர் வந்தால் பசிப்பதில்லை. மரியாதை பார்ப்பதையும் விட்டுவிட்டேன். ஐம்பது தாண்டிய பெண் யாரைப் பார்த்தாலும் பரிசோதனை பண்ணியாயிற்றா என்று நேராகக் கேட்டுவிடுவேன். இவளுக்கு வேறு பேச்சே இல்லையா என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். போன மாதம் வலையபட்டியில் ஒரு கல்யாண வீட்டில் இப்படித்தான் கேட்டேன். பக்கத்து நாற்காலிக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார். நேற்று அவரே போன் செய்தார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"மதுரையில எறங்கி எங்குட்டுப் போகணும்?"

வழி சொன்னேன். துணைக்கு நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். நாத்தனாருக்கு என்ன வயது என்று கேட்டேன்.