பன்னிரண்டு சிவப்பு வாளிகள்

வாளியைக் கால் சுற்றுத் திருப்பி வைத்துவிட்டு, மூன்றடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார் காசிராஜன். ‘உபயம்: சு. காசிராஜன், மளிகைக் கடை, தாராவி’ என்ற வெள்ளை எழுத்தில் ‘தாராவி’ கொஞ்சம் மறைந்தது. திரும்ப வந்து இன்னும் ஒரு இழை திருப்பினார். மேடைக்கு முன்னால் அப்படிப் பன்னிரண்டு சிவப்பு வாளிகள். எல்லாவற்றிலும் விளிம்புவரை மணல்.

முந்திய தீபாவளிக்குச் சந்துக்குச் சந்து வாணம் விட்டதில் ஒன்பது குடிசைகள் எரிந்துபோயின. அதனால் இந்த 1964 தீபாவளிக்கு மைதானத்தில் கயிறு கட்டி, வாணக்காரரை வைத்து, ஒரே இடத்தில் பத்திரமாக வேடிக்கை காட்டுவது என்று அங்கிருந்த தமிழர் சங்கம் முடிவு செய்தது. பன்னிரண்டு வாளி மணல் இருந்தால்தான் அனுமதி என்றது போலீஸ். “அது நம்ம பொறுப்பு” என்று எழுந்தார் காசிராஜன். வாளி வாங்க அரை நாள் ஆயிற்று. எழுத்துக்கு நாலு நாள்.

கொடுப்பதில் அவர் கஞ்சர் அல்ல. பெயர் எழுத இடமில்லாத எதையும் அவர் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். சங்கத்துச் சுவர்க் கடிகாரம் அவர் உபயம். கண்ணாடியில் பெயர் இருப்பதால் நாலிலிருந்து எட்டுவரை முள் எங்கே நிற்கிறது என்று எவருக்கும் தெரியாது. காய்ச்சலில் கிடந்த ஒருவருக்குப் பால் வாங்கித் தரச் சொன்னபோது, “சொம்பு வேணா வாங்கித் தாரேன்” என்றார்.

தாணேயிலிருந்து வந்த வாணக்காரர் சொரிமுத்துவுக்கு வலக்கையில் மூன்று விரல்தான் மிச்சம். அவர் காற்றை மோந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, காத்து குடிசப் பக்கம் அடிக்கி. பால்டி எல்லாத்தையும் அங்கன வைங்க. மேடையா தீப்பிடிக்கப் போவுது?”

“அங்கன இருட்டுல்லாவே! போட்டோக்காரன் தாதர்லேருந்து வாரான்.”

மைதானத்தின் ஓரத்து முதல் குடிசை முருகம்மாளுடையது. எரிந்த ஒன்பதில் ஒன்று. சாக்கும் தார்ச்சீட்டுமாக அவள் புதிதாகக் கூரை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் நேரே வந்து கேட்டாள்.

“ஒரே ஒரு பால்டி தாங்க அண்ணாச்சி. வாசல்ல வச்சிக்கிடுதேன்.”

“ஒண்ண எடுத்தா வரிச ஓட்டப்பல்லு மாதிரில்லா இருக்கும் தாயி? பிகர் நக்கோ, கவலப்படாத. பொறியெல்லாம் மேலயே அணைஞ்சிரும்.”

“ஒங்க வீட்டுக்கு ஓடு போட்டிருக்குல்லா, அணையத்தான் செய்யும்.”

காசிராஜனுக்குக் காது கேட்காத நேரங்கள் உண்டு. இது ஒன்று.

ஏழு மணிக்கு மைக்கைப் பிடித்தார். கயிற்றின் நீளம், வாளியின் எண்ணிக்கை, தம் கடை இருக்கும் சந்து ஆகியவற்றைக் கூட்டத்துக்கு இரண்டு தடவை சொன்னார். முதல் வாணம் பச்சையாக விரிந்தது. இரண்டாவது சிவப்பு. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். முருகம்மாள் மட்டும் தன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது வாணத்தின் பொறியைக் கழிமுகத்துக் காற்று தள்ளிக்கொண்டு வந்து சாக்கின் மேல் போட்டது. அவள் மைதானத்தின் குறுக்கே ஓடினாள். கயிற்றில் கால் இடறி விழுந்து, எழுந்து, வரிசையில் முதல் வாளியைத் தூக்கினாள்.

“ஏ தாயி! வரிச! வரிச கலையுது!” என்றது மைக்.

அவள் திரும்பி ஓடினாள். அவள் பின்னால் இரண்டு வாளிகளோடு சொரிமுத்து. அவ்வளவு தூரமும் ஓடிப் போய் மணலை வீசித் தீயை அடக்குவதற்குள் கூரையில் முறத்தளவு ஓட்டை விழுந்துவிட்டது. அதன் வழியே வானம் தெரிந்தது.

காசிராஜன் மேடையிலிருந்து இறங்கினார். கூரையைப் பார்க்கத்தான் வருகிறார் என்று கூட்டம் வழி விட்டது. கரிக் கையோடு வாசலில் நின்ற முருகம்மாளும் ஒதுங்கி, “பாருங்க அண்ணாச்சி” என்றாள்.

அவர் குனிந்தார். அவள் காலடியில் கவிழ்ந்து கிடந்த வாளியை எடுத்தார். தோள் துண்டால் எழுத்தின் மேலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு நடந்தார். பழைய இடத்தில் வைத்து, கால் சுற்றுத் திருப்பி, மூன்றடி பின்னால் போய், தலையைச் சாய்த்தார்.