என் மச்சாள் தன்னைப் புகழப் பழகிய கதை

போன மாதம் எங்கள் சமையலறை வாசலுக்கு மேலே, கூரையில், வெள்ளை நிறத்தில் வட்டமான ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனார்கள். புகை பட்டால் கத்துமாம். இப்போது எல்லா வீட்டிலும் இது இருக்க வேண்டுமென்று சட்டம். பூட்ட வந்தவர் ஏணியில் நின்றபடி ஒருமுறை அழுத்திக் காட்டினார். அது போட்ட கூச்சலில் நான் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று அந்த மனிதருக்கு விளங்கவில்லை. எனக்கு மச்சாளின் நினைவு வந்துவிட்டது. இந்தப் பெட்டி அந்த நாளில் இருந்திருந்தால் எங்கள் படியேறி வந்திருப்பது தீயணைப்புப் படைதான், கீழ்வீட்டு அம்மா அல்ல. கீழ்வீட்டு அம்மா வராமல் விட்டிருந்தால் மச்சாள் டொக்டராகி இருப்பாளோ என்னவோ.

எங்கள் ஊரில் கணவரின் தங்கையும் மச்சாள்தான், அண்ணனின் மனைவியும் மச்சாள்தான். அதனால் ஜெர்மனியில், ஹனோவரில், அந்த மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றே கூப்பிட்டுக்கொண்டு திரிந்தோம். அவள் என் கணவரின் தங்கை, என்னிலும் வயதில் நன்றாக இளையவள். யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடத்தில் இரண்டு வருஷம் படித்தவள். சண்டை இறுகி, படிப்பு நின்று, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாசல் மணி அடித்தால் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவளோ மணி அடிக்க முன்பே கதவைத் திறக்கிறவள். தபால்காரரோடும் கதை, பஸ் சாரதியோடும் கதை. மொழியை எங்கே படித்தாள் என்று கேட்டால், "வாயைத் திறந்து பிழைபிழையாக் கதைச்சுத்தான் மச்சாள்" என்பாள்.

அவளுக்கு விட்ட இடத்திலிருந்து படிக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் இங்கே மருத்துவத்துக்கு முதலாம் ஆண்டில் இடம் எடுப்பதே பெரும்பாடு. அவள் கேட்டதோ நடுவில் ஏற. ஊரில் படித்ததைக் கணக்கில் எடுத்து மேல்வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். நிறைந்து ஓடுகிற பஸ்ஸில் வழியில் ஏறுவது மாதிரி. யாராவது இறங்கினால்தான் ஓர் இருக்கை காலியாகும். அந்த ஒன்றுக்கும் கை காட்டிக்கொண்டு நிற்பவர்கள் எத்தனையோ பேர். மொழிச் சோதனை பாஸ் பண்ணி, ஊர்ச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து, படித்தது செல்லும் என்று அரசாங்கத்திடம் எழுத்தில் வாங்கி, எல்லாம் முடித்து வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். இடமில்லை என்று பதில் வந்தது. அடுத்த தவணைக்கும் போட்டாள். திரும்பவும் இடமில்லை.

அன்றிரவு என் கணவர் பிளேட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "இன்னும் ஒருக்காப் போட்டுப் பார். சரிவராட்டில் தாதி வேலைக்குப் பழகு. அதுவும் நல்ல வேலைதானே." அவள் "ஓம் அண்ணை" என்றாள். அவள் வாயிலிருந்து இரண்டு சொல்லோடு முடிந்த பேச்சை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

எனக்கு அப்போது ஒரே ஓர் எண்ணம்தான். நாவூறு. போகிற பிறந்தநாள் வீடுகளிலெல்லாம் சனம் "எங்கடை டொக்டரம்மா வாறா" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் அவளைச் சமையலறைக் கதிரையில் இருத்தி, காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தி, தலையைச் சுற்றிக் கழித்தேன். ஊரிலென்றால் அடுப்பில் நெருப்பு இருக்கும். இங்கே மின்சார அடுப்பு. தட்டைச் சிவக்கச் சூடாக்கி அதன்மேல் கொட்டினேன்.

நாவூறு இருந்தால் மிளகாய் எரியும்போது நெடி வராது என்பார்கள். அன்று வந்த நெடிக்கு மூன்று மாடியும் இருமியது. யன்னலைத் திறந்தும் போகவில்லை. என் கணவர் துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இஞ்சாரும், இவளுக்கு ஒரு துளி நாவூறும் இல்லை. இந்த மணத்துக்கு நாவூறு இருந்திருந்தாலும் அது ஊரைவிட்டே ஓடியிருக்கும்!" என்று இருமி இருமிச் சிரித்தார். மச்சாளும் கண்ணீர் வழியச் சிரித்தாள். அப்போதுதான் மணி அடித்தது. நான் வழக்கம்போல் ஓடப் பார்த்தேன், புகையில் வழி தெரியவில்லை.

வந்தவர் கீழ்வீட்டு அம்மா. ஒரு கந்தோரில் வேலைக்கு ஆள் எடுக்கும் பகுதியில் இருந்து இளைப்பாறியவர். தனியாக இருப்பவர். படியில் கண்டால் தலையசைப்போம், அவ்வளவுதான். நெருப்புப் பிடித்துவிட்டது என்று பயந்து வாளியில் தண்ணீரோடு வந்திருந்தார். மச்சாள் நடந்ததைச் சொன்னாள். ஏன் நாவூறு கழிக்கிறோம், ஏன் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்த அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த விண்ணப்பத்தைக் காட்டு" என்றார்.

விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். மச்சாள் அனுப்பியதன் பிரதியை அவர் கண்ணாடி போட்டு வாசித்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மச்சாள் எழுதியிருந்தது இதுதான்: நான் சாதாரண மாணவி. ஆசிரியர்களின் அன்பினாலும் பெற்றோரின் ஆசியினாலும் கடவுள் கிருபையாலும் சோதனைகளில் சித்தியடைந்தேன். எனக்கு இன்னும் நிறையத் தெரியாது. தயவுசெய்து ஒரு சந்தர்ப்பம் தாருங்கள்.

"வகுப்பில் நீ எத்தனையாவது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"உடற்கூற்றியலில் முதலாவது."

"அது இதில் எங்கே இருக்கிறது?"

"அதை நானே எப்படி எழுதுறது?"

அந்த அம்மா என் கணவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கடிதத்தில் ஒரு பிழையும் தெரியவில்லை. மரியாதையாக, அடக்கமாக, வளர்த்தவர்கள் பெயர் கெடாமல் எழுதப்பட்ட கடிதம். வேறு எப்படி எழுதுவது? அந்த அம்மா சொன்னதை மச்சாள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "ஒண்டும் தெரியாத ஒருத்தி கெஞ்சிக்கொண்டு நிக்கிறாள் எண்டுதான் அவையள் விளங்கியிருப்பினமாம் மச்சாள். வாசிச்ச உடனை ஒரு பக்கம் வைச்சிருப்பினமாம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புகழ்ச்சிப் பாடம் தொடங்கியது. புதிய கடிதம் எழுதி அனுப்பியாயிற்று. அது போன சில கிழமைகளில் நேரில் வரச் சொல்லி அழைப்பும் வந்தது. பேராசிரியர்களுக்கு முன்னால் இருந்து பேச வேண்டும். எழுதியதை வாயாலும் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். ஊருலகத்தோடெல்லாம் கதைக்கிற வாய், "நான் கெட்டிக்காரி" என்று சொல்லும் இடத்தில் பூட்டிக்கொண்டது. கீழ்வீட்டு அம்மா பின்னேரங்களில் மேலே வந்து மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார். என் கணவர் சேட்டும் கழுத்துப்பட்டியும் கட்டி, கீழே சாரத்தோடு, பேராசிரியராக இருப்பார். மச்சாள் சொல்லத் தொடங்கியதும் நிலத்தைப் பார்ப்பாள். அந்த அம்மா மேசையில் தட்டுவார். "வெக்கமில்லாமல் சொல்லடி, காசே குடுக்கவேணும்?" என்பார் என் கணவர். நான் தேத்தண்ணி ஊற்றியபடி, வடை பொரித்தபடி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்பேன். நல்ல காலம் அது. படிப்புக்காக அழுது தொடங்கிய வீடு, ஒவ்வொரு பின்னேரமும் வயிறு நோகச் சிரித்தது.

நேரில் வரச் சொன்ன நாளில் என் கணவருக்கு வேலை. என்னைத்தான் கூட அனுப்பினார். "நான் என்னத்துக்கு, எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். "துணைக்கு மச்சாள். நீங்கள் சும்மா இருந்தால் காணும்" என்றாள் அவள். ரயிலில் அவள் அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். பல்கலைக்கழகத்தில் நீண்ட நடைபாதையில் இருப்பதற்கு ஒரு மர வாங்கு. அவள் உள்ளே போக, நான் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு இருந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் வந்து இருந்தாள்.

"பாடம் சம்பந்தமாக் கேட்டதுக்கெல்லாம் சொன்னனான் மச்சாள். கடைசியா, உங்களை ஏன் எடுக்கவேணும் எண்டு கேட்டவை."

"என்ன சொன்னனீர்?"

"நீங்கள் பாத்துச் செய்யுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

எத்தனை பின்னேரம், எத்தனை வடை! அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து, நரைத்த மீசையோடு ஒரு பேராசிரியர் கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்தார். எங்களைக் கண்டு மரியாதைக்கு நின்றார். என்னைப் பார்த்து, தூரத்திலிருந்தா வந்தீர்கள் என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டியிருந்தால் அவர் போயிருப்பார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. எழும்பி நின்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் கடைக்குப் போய்வர மட்டும் காணும். ஆனால் ஒன்று முழுதாகத் தெரிந்திருந்தது. அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டுத் தேவாரம் மாதிரி மனதில் ஏறியிருந்தது. அதைத் தொடங்கினேன். நான் உடற்கூற்றியலில் என் வகுப்பில் முதலாவதாக வந்தேன். நான் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தேன். ஆஸ்பத்திரியில் காயப்பட்டவர்களைத் தூக்கினேன், இரத்தத்தைக் கண்டு பயப்பட மாட்டேன். நான் வேகமாகப் படிப்பேன். என்னை எடுத்தால் நீங்கள் கவலைப்பட மாட்டீர்கள். கடைசிவரை சொல்லி முடித்தேன். நடுவில் நிற்பாட்டியிருந்தால் திரும்பத் தொடங்கத் தெரிந்திருக்காது.

அந்த மனிதர் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சேலையும் குளிர்ச்சட்டையுமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்தது. மச்சாள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். பிறகுதான் அவள் எனக்குச் சொன்னாள்: "இடம் கேட்டு வந்தது உங்களில் யார்?" என்றுதான் கேட்டாராம்.

மச்சாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழும்பி, அவர் முகத்தை நேரே பார்த்து, "நான்தான். முதலாவதாக வந்தது நான். காயப்பட்டவர்களைத் தூக்கியதும் நான்" என்றாள். தொடங்கிய பிறகு அவளை நிற்பாட்ட ஏலவில்லை. மேசைப் பாடத்தில் இல்லாததெல்லாம் வந்தது. மருந்து இல்லாத நாளில் என்ன செய்தார்கள், எந்தப் புத்தகத்தைக் கையால் பார்த்து எழுதிப் படித்தாள், இங்கே வந்து எந்தப் புத்தகங்களை முடித்தாள். தபால்காரரோடு கதைக்கிற அதே வாய், அதே கை ஆட்டல். அவருடைய கோப்பி ஆறிப்போயிருக்கும். கதவைத் திறந்து, "திரும்ப உள்ளே வாருங்கள், மற்றவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் வாங்கில் இருந்தேன். கீழே விழுந்து கிடந்த கைப்பையை எடுத்துத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன்.

இடம் கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, இப்போது பிராங்பேர்ட் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டராக இருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது கடிதம் வந்த அன்று பின்னேரம்தான். மாமி, என் கணவரின் அம்மா, அப்போது கொழும்பில் இருந்தா. அவவின் வீட்டுக்குப் பக்கத்துக் கடைத் தொலைபேசிக்கு அவவைக் கூப்பிட்டு எடுத்தோம். வரிசையில் என் கணவர், மச்சாள், கடைசியில் நான். ஒரே இரைச்சல். மாமி அங்கிருந்து, "நேர்முகத்திலை எப்பிடிப் பிள்ளை செய்தனீ?" என்று கத்துவது எனக்கே கேட்டது.

எங்கள் ஊரில் எந்தச் சோதனை எழுதிவிட்டு வந்தாலும், நூற்றுக்கு நூறு எடுக்கிற பிள்ளையும், "ஏதோ செய்தனான்" என்றுதான் சொல்லும். அப்படித்தான் சொல்ல வேண்டும். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மச்சாளைப் பார்த்தேன்.

அவள் மூச்சை இழுத்து, தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"நல்லாச் செய்தனான் அம்மா! நல்லாச் செய்தனான்!"