யார் ஜோடி

மகளின் போனில் விளையாட்டு தொடங்கும் சத்தம் என்னைப் பெங்களூர் மர்பி டவுனில் நாங்கள் வளர்ந்த வீட்டுக்குக் கொண்டுபோனது. அங்கே டிவியில் கேசட் போட்டு விளையாடுவோம். கதாநாயகனுக்கு யார் ஜோடி என்று தீர்ப்புச் சொல்வது என் அக்கா ஸ்டெல்லா. கடைசிக் கோட்டையில் காத்திருக்கும் இளவரசியை அவள் ஏற்கவே மாட்டாள்; வழியெல்லாம் நாயகனோடு சேர்ந்து சண்டை போடும் தோழியைத்தான் காட்டுவாள்.

"அவ மூஞ்சிய கடைசியிலதானடி பாக்குறான்? கூடவே ஓடி அடி வாங்குறாளே, இவதான் ஜோடி."

"ஆடினது போதும், அடுப்பப் பாரு" என்பார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல்.

அந்தக் கோடையில் அக்காவுக்குத் தங்கவயலில் மாப்பிள்ளை முடிவானது. பெண் பார்க்க அவருடைய அம்மா மட்டும் வந்தார். மாப்பிள்ளையின் முகத்தை அக்கா சர்ச்சில்தான் பார்த்தாள்.

இன்று வீட்டுக்கு வந்திருந்த அக்காவிடம் மகள் போனை நீட்டினாள்.

"பெரிம்மா, இதுல யாரு ஜோடி?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"கடைசியில யாரு வர்றாங்களோ, அவங்கதான்."