எடைமேடைக்காரனை இளைக்க வைத்த வளர்மதி சிஸ்டர்

அன்று விடியற்காலை ஐந்தரைக்குக் கைபேசி அடித்ததும், எடுத்த எடுப்பிலேயே நான் பொய் சொன்னேன். "கெளம்பிட்டேனுங்க சிஸ்டர், ஷூ மாட்டியாச்சு, வாசப்படி எறங்கிட்டேன்" என்றேன், போர்வைக்குள் இருந்தபடி. வழக்கமாக வரும் அதட்டல் வரவில்லை. "மாமா, நான் கவிதா பேசறேன். அம்மா போயிட்டாங்க மாமா" என்றது சிஸ்டரின் மகளுடைய குரல்.

ராத்திரி படுத்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் நின்றிருக்கிறது என்றார் வந்து பார்த்த டாக்டர். வயது அறுபத்தொன்பது. நான் கடைசியாகச் சொன்ன பொய் அவர் காதுக்குப் போகாமல் மகள் காதுக்குப் போனதில் எனக்கு இன்றுவரை வெட்கம்தான்.

வளர்மதி சிஸ்டரைப் பரமத்தி வேலூரில் அறியாதவர்கள் இருக்கலாம். பிறக்காதவர்கள், அல்லது ஒருமுறைகூடக் காய்ச்சல் வராதவர்கள். மற்றவர்களுக்கெல்லாம் அவர் எப்போதாவது ஊசி போட்டிருப்பார். அரசு மருத்துவமனைகளில் நர்ஸாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கணவர் முன்பே காலமாகிவிட்டார். ஓய்வுக்குப் பிறகு ராஜவாய்க்கால் கரையில் தினமும் நடப்பார். கூடவே ஊரிலுள்ள பருத்த உடம்புகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு போவார். ஆள் ஐந்தடிகூட இருக்கமாட்டார். ஆனால் அந்தக் குரல் வந்தால் கொடிக்காலில் வெற்றிலைகூட ஒருமுறை நிமிர்ந்து நிற்கும்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லியாக வேண்டும். நாமக்கல் சாலையில் எடைமேடை வைத்திருக்கிறேன். கரும்பு லோடு, வாழைத்தார் லோடு, செங்கல் லோடு எதுவானாலும் என் மேடையில் ஏறி இறங்காமல் போகாது. லாரிகளுக்கு எடை போடுகிறவன் லாரி மாதிரி இருக்க வேண்டும் என்று நானாகவே முடிவு செய்து, முப்பது வருடம் பாடுபட்டு அந்த உருவத்தை அடைந்திருந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் என் தொப்பை நுழையும். வீட்டுக்காரர் அதற்குத் தண்ணீர் கொடுத்து, சௌக்கியம் விசாரித்து முடித்த பிறகுதான் நான் போய்ச் சேருவேன். காவிரியில் நான் முழுக்குப் போட்டால் தண்ணீர் ஏறிவிட்டதென்று மேட்டூர்வரை தகவல் போகும்.

இப்படி அரசாண்டு கொண்டிருந்தவனுக்குக் குடலிறக்கம் வந்தது. இடுப்புக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. இருமினால் சாத்துக்குடியாகும். அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் போனால், அவர் என்னைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்துவிட்டுச் சொன்னார். "இந்த எடையில நான் தைச்சா, தையல் நிக்காது. பதினஞ்சு கிலோவாவது கொறைச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் கனம் தூக்காதீங்க. திடீர்னு வலி வந்து, புடைப்பு உள்ளே போகாம நின்னுக்கிச்சுன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காம ஓடி வாங்க. அது உசுருக்கு ஆபத்து."

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனைவி சரசு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத சரசுவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பயம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. பஸ் நின்றதும் அவள் வீட்டுக்கு வராமல் நேரே சிஸ்டர் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

சிஸ்டர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்ணா, காலைல என்ன சாப்பிடுவீங்க?"

"நாலே இட்லிங்க சிஸ்டர்."

"அது எந்திரிச்ச ஒடனே தின்னறதுங்க" என்றாள் சரசு. "டிபனுக்கு ஆறு."

"சரி, மத்தியானம்?"

"கொஞ்சமா சோறு."

"எந்தக் குண்டாவுல கொஞ்சமாங்க?" என்றார் சிஸ்டர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "பொய் சொல்லோணும்னா எங்கிட்டச் சொல்லுங்க, பரவால்ல. இந்த நோட்டுல மட்டும் எழுதாதீங்க."

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், எட்டு மாதம் ஆகும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதமா! எட்டு நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் செய்தேன். லோடு இறக்கினால் லாரி எடை குறைகிறது, லோடே ஏற்றாவிட்டால்? என் தொழில் அனுபவம் அப்படித்தான் யோசித்தது. மறுநாளிலிருந்து மோரும் கொள்ளு ரசமும் மட்டும்.

அடுத்துச் செய்ததுதான் பெரிய காரியம். எடை பார்க்கச் சிறிய மெஷின் வாங்கச் சொன்னாள் சரசு. "அறுபது டன் பார்க்கிற மேடையைக் கையில வெச்சுக்கிட்டு, பாத்ரூம் தக்கடி வாங்கறதா? நம்ம மேடைக்கு அரசாங்க முத்திரை இருக்குது" என்று மறுத்துவிட்டேன். தினமும் காலையில் லாரி எதுவும் வராத நேரமாகப் பார்த்து, மேடையின் நட்டநடுவே தனியாளாகப் போய் நின்றேன். உள்ளே பில் போடும் பெண் எட்டிப் பார்த்துச் சொல்லும். முதல் நாள் நூற்றுப்பத்து. மூன்றாம் நாள் நூற்றுப்பத்து. பட்டினி கிடந்து கண் குழி விழுந்த ஆறாம் நாளும் நூற்றுப்பத்து. மோரையும் நிறுத்தினேன். ஒன்பதாம் நாள், மேடை மேலேயே கண்ணிருட்டி விழுந்தேன். கரும்பு லாரியை ஏற்ற வந்த டிரைவர் குறுக்கே நான் கிடப்பதைப் பார்த்து ஹாரன் அடித்திருக்கிறார். அப்புறம்தான் ஆள் என்று தெரிந்து நான்கு பேரோடு ஓடி வந்து தூக்கினாராம்.

கண் விழித்தபோது எதிரே சிஸ்டர். கையில் சர்க்கரைத் தண்ணீர். நான் சர்க்கரை நோய்க்காரன் என்பதால், விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்திருந்தார். கீழே இறங்கிக் கிடந்தது.

"சர்க்கரை மாத்திரை போட்டீங்களா?"

"அது தெனமும் போடறேனுங்க, தவறாம."

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "சோறு திங்காம மாத்திரையை மட்டும் போட்டிருக்கீங்க! கோமாவுக்குப் போயிருந்தா இந்தச் சரசு எங்க போயி நிப்பா? எடை கொறையறது உங்களுக்கு. உசுரு பதறறது ஊட்டுல இருக்கறவங்களுக்கா?" என்று கத்திவிட்டு, என் மேடையைப் பற்றி விசாரித்தார். அது பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும் என்று பில் போடும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். லாரிக்கு அது போதும். எனக்கு அது தெரியாதா? முப்பது வருடமாகத் தெரியும். ஆனால் நான் மேலே ஏறினால் அது கூடுதல் மரியாதை காட்டும் என்று நம்பியிருந்தேன் போலிருக்கிறது.

சிஸ்டர் தன் வீட்டிலிருந்த சின்ன மெஷினைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். ஏறி நின்றேன். நூற்றெட்டு. பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்க் கணக்கு.

அப்புறம் அவர் செய்ததை எந்த டாக்டரும் செய்யமாட்டார். என் சர்க்கரை மாத்திரை எழுதிய டாக்டரிடம் என்னை அனுப்பி, சாப்பாடு மாறுவதைச் சொல்லி அளவை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். பிறகு ஒருநாள் காலை முழுக்க என் எடைமேடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் வாயைத் திறந்தபோதெல்லாம் நோட்டில் கோடு போட்டார். எடை போட வரும் டிரைவர்கள் என்னைப் பக்கத்து டீக்கடைக்கு அழைப்பது எங்கள் தொழிலில் மரியாதை. போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு லோடுக்கும் ஒரு டீ, டீக்குத் துணையாக ஒரு பஜ்ஜி. உச்சி வெயிலுக்குள் பன்னிரண்டு கோடு விழுந்திருந்தது.

"உங்க சிரமம் சோத்துல இல்லீங்ணா, மரியாதையில இருக்குது" என்றார். "டிரைவர் கூப்பிட்டா போங்க. சர்க்கரை போடாம அரை டம்ளர் வாங்கிக்குங்க. அதைக் கையில வெச்சுக்கிட்டே லாரியைச் சுத்தி நடந்து பேசுங்க. டயரு, லோடுன்னு விசாரிங்க. அவருக்கும் சந்தோசம்."

அந்த வாரம் நான் சுற்றிய லாரிகளை ஒரே கோட்டில் நிறுத்தினால் ஜலகண்டாபுரம்வரை போகும். டிரைவர்கள், மாமா நம்ம வண்டி மேலே இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனார்கள்.

சாப்பாட்டில் எதையும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. ஆறு இட்லி மூன்றானது. சாம்பாரில் காய் இரண்டு மடங்கானது. சோற்றுக்கு ஒரு கரண்டி கணக்கு. தட்டின் பாதி கீரைக்கும் பொரியலுக்கும். பருப்போ முட்டையோ கோழியோ கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்புக்குப் பதிலாகச் சதை கரைந்து போகும் என்பார். எண்ணெயை சரசு ஸ்பூனில் அளந்து ஊற்ற ஆரம்பித்தாள். அந்த ஸ்பூனை நான் இரண்டு தடவை ஒளித்து வைத்தேன். இரண்டு தடவையும் கண்டுபிடித்துவிட்டாள்.

நடை முதல் வாரம் பத்தே நிமிஷம். பாதியில் மதகுச் சுவரில் உட்கார்ந்துவிடுவேன். சிஸ்டர் எதிரே நின்றுகொண்டு, "என்னோட பேசிக்கிட்டே நடங்க. பேச முடியலைன்னா வேகம் அதிகம். பாட்டே பாட முடிஞ்சா வேகம் பத்தலை" என்பார். நான் வேண்டுமென்றே பாடுவேன். வாழைத்தோப்பில் வேலை செய்கிறவர்கள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் வேகத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. எடை தூக்கும் பயிற்சி எனக்குத் தடை. குடலிறக்கக்காரன் மூச்சைப் பிடித்து எதையும் செய்யக்கூடாதல்லவா? நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் மூன்று முறை எழுந்தேன். நான்காவது முறை நாற்காலியும் என்னோடு எழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வீட்டில் எடை. எடை பார்த்தபின் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் ஒன்றை அழகாக இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தான் தின்று மறு பாதியை எனக்குக் கொடுப்பார். "நானும் ஒரு காலத்துல எண்பது கிலோ இருந்தவதானுங்ணா. ரெண்டு வருசம் புடிச்சுது. அவசரப்பட்டிருந்தா மூணே மாசத்துல எளச்சு, ஆறு மாசத்துல திருப்பி வாங்கியிருப்பேன்."

நடுவில் ஒரு கிடா வெட்டு வந்தது. சரசுவின் தங்கை வீட்டில். நான் என்ன தின்றேன் என்பதை எழுதினால் இந்தக் கட்டுரை இரண்டு பாகமாகும். மறுநாள் வெட்கப்பட்டு நடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் சிஸ்டர் வாசலில் நின்றார்.

"ஒரு நாள் கறி தின்னு யாரும் கெட்டுப்போனதில்லீங்ணா. அதுக்கு வெக்கப்பட்டு ஊட்டுக்குள்ளயே ஒளிஞ்சுக்கறது இருக்குது பாருங்க, அதுலதான் கெட்டுப்போறாங்க. ஷூவை மாட்டுங்க."

ஆறாம் மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்கு எடை அசையவே இல்லை. என் பழைய ராஜபுத்தி தலைதூக்கியது. இளைக்க வைக்கும் பொடி ஒன்றை யாரோ சேலத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். அதற்குமேல் போகவில்லை; அதற்குள் சிஸ்டர் அதை வாங்கி, என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்கவில்லையே என்று கேட்டுவிட்டு, குப்பையில் கொட்டினார். பதிலாக நடையை இருபது நிமிஷம் கூட்டினார். எடை இறங்கியது. எட்டு மாதம் என்றவர் வாக்கு ஒன்பதானது. அந்த ஒரு மாதம் கிடாவுக்குச் சேர வேண்டியது.

தொண்ணூற்றைந்தைத் தொட்ட ஞாயிறு, சரசு அந்தச் சின்ன மெஷினையே கட்டிக்கொண்டு அழுதாள். தை மாதம் அறுவைச் சிகிச்சை. என்னை உள்ளே கொண்டுபோகும்போது வெளியே சரசுவின் கையைப் பிடித்தபடி சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த டாக்டர், "தையல் நல்லா நிக்கும்" என்றார்.

இனி கவிதாவின் போன் வந்த அந்த நாளுக்கு வருகிறேன்.

நான் போனபோது வீட்டு முன் கூட்டம். நடைக்குழுவில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இத்தனை நடந்து, இத்தனை அளந்து தின்னு, என்ன கண்டாங்க? போயிட்டாங்களே" என்றார். நாலைந்து தலைகள் ஆடின. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி மறுக்கத்தான் எனக்கு வரும். ஆனால் அன்று சரசு சொன்னாள். "அவிங்க சாவாம இருக்கறதுக்கு நடக்கலீங்க. கடைசி நாள்வரைக்கும் யாரு கையும் புடிக்காம நடந்தாங்க. ஊட்டுக்காரரை எனக்குத் திருப்பிக் குடுத்தாங்க. இன்னும் என்ன காணோணும்?"

மகள் கவிதாவே கொள்ளிச்சட்டியோடு முன்னே நடப்பதென்று முடிவு செய்தாள். பாடையைத் தூக்க நான் தோள் கொடுத்தபோது பங்காளிகள் தடுத்தார்கள். "மாமா, நீங்க வேண்டாம், வயித்துல தையல் போட்டவரு." கவிதா திரும்பிப் பார்த்தாள், அம்மாவைப் போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "டாக்டர் தூக்கலாம்னு சொல்லிட்டாரா மாமா?"

"சித்திரையிலேயே சொல்லிட்டாருங் கண்ணு."

"அப்ப வாங்க."

தோள் மாற்றிக்கொள்ளச் சொல்லி வழியெல்லாம் கேட்டார்கள். மாற்றவில்லை. ஆற்றங்கரை இறக்கத்தில் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கியது; அறுபத்துமூன்று வயதான எனக்கு வாங்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் கொஞ்சமும் கூட்டிச் சொல்லாத ஒரே வரி இதுதான். மணலில் முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல், மெல்ல அவரை இறக்கினோம். எல்லோரும் கை கூப்பியபோது நான் முதலில் இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன்.

ஒன்றும் பிதுங்கவில்லை சிஸ்டர். பத்திரமாக இறக்கிவிட்டேன். நீங்க முன்னால நடந்துக்கிட்டிருங்க. நான் வாரேனுங்க, ஆனா அவசரப்பட மாட்டேன், மெதுவாத்தான் வருவேன்.