தலை முன்னால், கால் பின்னால்

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வாசப்படி தாண்டும்போது தலை முன்னால் போக வேண்டுமா, கால் முன்னால் போக வேண்டுமா? இந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு ஆஸ்பத்திரி வண்டியில் நிரந்தர வேலை கிடைத்தது. கிடைக்காமல் போகவும் இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும்; மூன்றாம் வகுப்பைக்கூட முடிக்காதவள். பரவாயில்லை. அவசரப்பட வேண்டியதெல்லாம் வண்டியில் இருந்தபோதே பட்டு முடித்துவிட்டேன்.

ஜப்பான்காரன் பட்டாளம் வருவதற்குப் பல வருஷம் முந்திய கதை இது. நான் கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குத் தண்டவாளம் பார்க்கிற வேலை. நான் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வார்டில் ஆயா. ஆயா என்றால் கூட்ட வேண்டும், கழுவ வேண்டும், அழுக்குத் துணி மூட்டை கட்ட வேண்டும். எதைப் பற்றியும் ஆயாவிடம் யாரும் அபிப்பிராயம் கேட்க மாட்டார்கள்.

ஒரு நாள் அடுப்புத் தீயில் சேலை பற்றிக்கொண்ட ஒரு பெண்ணை எடுத்துவர வண்டி போனது. போன வேகத்தில் காலியாகத் திரும்பி வந்துவிட்டது. நாலு ஆம்பிளைகள் உள்ளே நுழைந்ததும், உடம்பில் துணி சரியாக இல்லாத அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, செத்தாலும் சாவேன், வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். பெரிய டாக்டர் துரைக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பொம்பளையைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கத்தினார். அந்த நேரத்தில் வாளியோடு வராந்தாவில் நின்ற பொம்பளை நான். வாளியைக் கீழே வைத்தேன், வண்டியில் ஏறினேன்.

கதவுக்குப் பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் மட்டும்தான் தொடுவேன், தங்கச்சி. அவங்க ஸ்ட்ரெச்சர் கட்டையை மட்டும்தான் பிடிப்பாங்க" என்றேன். சுத்தமான துப்பட்டியைச் சுற்றினேன். வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து பெண்கள் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளில் பெரிய டாக்டர், வண்டிக்கென்றே ஒரு ஆயாவை வைக்கலாம், இவளையே பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். ஆனால் வண்டியில் போகிற எல்லாரும் முதலுதவிப் பரீட்சையில் தேற வேண்டும் என்பது சட்டம். வருஷக் கடைசியில் பரீட்சை. தேறினால் வண்டி, தவறினால் மறுபடி வாளி.

வண்டிக்குத் தலைவர் ஒரு டிரசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது முதல் ஊசி போடுவது வரை டாக்டருக்கு அடுத்தபடி அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. அவருக்கு வேதம் என்றால் முதலுதவி பற்றிய ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம்தான். டிரைவர் ஒரு மலாய்க்காரர், தமாஷ் பேர்வழி. தூக்குகிற ஆட்கள் நாலு பேரும் நம் ஆட்கள்.

முதல் சண்டை பிரிக்பீல்ட்ஸிலேயே வந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இரத்தம் நிற்கவில்லை என்று போயிருந்தோம். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, புத்தகத்தில் சொன்னபடி கால் பக்கம் முன்னால் வரும்படி தூக்கினார்கள். மாமியார்க்காரி ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டாள்.

"அடப் பாவிகளா! மூச்சு இருக்கிற பொண்ணைக் காலை முன்னால போட்டு எடுக்கிறீங்களே! இது என்ன பாடையா? உங்க வீட்டுப் பொண்ணை இப்படி எடுப்பீங்களா?"

டிரசர் ஐயா விளக்கம் சொல்லத் தொடங்கினார். "ஆச்சி, கால் முன்னாலை போனால்தான் தலைமாட்டிலை வாறவன் பின்னுக்கு நிண்டு முகத்தைப் பாத்துக்கொண்டு வருவான். தலை முன்னாலை போனால் அவன் முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ நடப்பான்? வாந்தி எடுத்தால் ஆர் காணிறது?"

"முதுகோ மூஞ்சியோ, என் பொணத்தைத் தாண்டிப் போ!"

இரத்தம் துணியைத் தாண்டிக்கொண்டிருந்தது. விளக்கம் கேட்க நேரம் இல்லை. "ஐயா, முகத்தை நான் பார்த்துக்கிறேன். பக்கத்துலயே நடந்து வரேன். அண்ணே, திருப்புங்க" என்றேன். நாலு பேரும் டிரசரைப் பார்த்தார்கள். அவர் தடுக்கவில்லை. திருப்பினார்கள். தலை முன்னால் போனது. மாமியார்க்காரி தானே ஒதுங்கி வழி விட்டாள். அந்தப் பெண் பிழைத்தாள்.

வண்டியில் டிரசர் சொன்னார்: "பிள்ளை, உமக்கு ஒரு ஆயாவின்ரை வேலை தந்திருக்கு. புத்தகம் எழுதிற வேலை இன்னும் தரேல்லை."

"எழுத்துத்தான் எனக்கு வராதே ஐயா" என்றேன். டிரைவர் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு நம் ஜனங்கள் வீட்டில் எல்லாம் தலைதான் முன்னால். வண்டியைக் கண்டு கதவைச் சாத்தியவர்கள் திறந்தார்கள். "அந்தக்கா வருதா?" என்று கேட்டுக்கொண்டு ஆள் வர ஆரம்பித்தது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதையும் எழுதத்தான் வேண்டும். புத்தகத்தை விட நான் பெரியவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நினைத்திருந்தபோதுதான் அந்தத் தப்பு நடந்தது. கட்டைக்கால் வைத்துக் கட்டிய ஒரு பலகை வீடு. கிணற்றடியில் வழுக்கி விழுந்து மண்டையில் அடிபட்ட பெண், நினைவில்லை. வாசலில் இருந்து தரைக்கு ஏழெட்டுப் படி, ஏணி மாதிரி செங்குத்து. நான் வழக்கம்போல "தலை முன்னால" என்றேன். டிரசர் "படி இருக்கு, பாத்து" என்றார். நான் கேட்கவில்லை. அவள் தாயார் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்; அந்தக் கும்பிடு எனக்கு என்று நினைத்துவிட்டேன்.

பாதிப் படியில் தலை கீழேயும் கால் மேலேயுமாக ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது. அந்தப் பெண்ணின் முகம் இருண்ட சிவப்பாக ஆனது. வாந்தி வந்து தொண்டையில் நின்றுவிட்டது. மூச்சு இல்லை. "நிறுத்துங்க!" என்று அலறிக்கொண்டு அவளை ஒருக்களித்துப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டு வழித்து எடுத்தேன். நாலு பேரும் படியில் அப்படியே தாங்கிக்கொண்டு நின்றார்கள். மூச்சு திரும்பி வந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

வண்டி கிளம்பின பிறகுதான் டிரசர் பேசினார். சத்தம் போடவில்லை. "உம்முடைய சாத்திரம் இண்டைக்கு ஒரு சீவனை விழுங்கப் பாத்தது, பிள்ளை."

வீட்டில் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டார். "வண்டி வேணாம்னா விட்டுட்டு வார்டுக்கே போயிடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

"நான் சொல்லுவேன்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாளில் நினைவு வந்தது. தாயார் தினமும் வார்டுக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அம்மா, அன்னைக்குப் படியில காலை முன்னால இறக்கியிருந்தா நீங்க தடுத்திருப்பீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "படியில என்னம்மா இருக்கு? வாசப்படியைத் தாண்டுறதுதானே கணக்கு. அதைத் தாண்டிட்டா அப்புறம் எப்படித் தூக்கினா என்ன? என் பொண்ணு தலைகீழாத் தொங்கணும்னு நானா சொன்னேன்?"

இவ்வளவுதான் விஷயம். இத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறேன், ஒரு வீட்டிலாவது இதைக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு முழ அகல வாசப்படியை மட்டும் தலை முதலில் தாண்டினால் போதும். அதற்கு அந்தப் பக்கம் புத்தகம் சொல்கிறபடி நடக்கலாம். மறுநாளே நாலு பேரையும் ஆஸ்பத்திரிப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஒரு அரிசி மூட்டையை ஸ்ட்ரெச்சரில் வைத்து, வாசலைத் தாண்டியதும் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பச் சொன்னேன். முதலில் இடித்துக்கொண்டார்கள். "அக்கா, கரகம் ஆட விடுற" என்று கேலி செய்தார்கள். ஒரு வாரத்தில், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்குள் திருப்பினார்கள். டிரசர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பரீட்சைக்கு முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிள்ளை, கட்டுப் போடிறதிலை உமக்குப் பயமில்லை. ஸ்ட்ரெச்சர் எண்டு கேட்டால் கால் முன்னாலை எண்டு மட்டும் சொல்லும். வேறை ஒண்டும் பேசாதையும். வாற துரைக்கு எங்கடை சனத்தின்ரை வாசப்படி தெரியாது." அவர் என்னைத் தேற வைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

பரீட்சை பகலில், ஆஸ்பத்திரிக் கூடத்தில். வெளியூரிலிருந்து வந்த வெள்ளைக்கார டாக்டர், நரைத்த மீசை. அவருக்கு மலாய் தெரியும், தமிழ் தெரியாது. டிரசர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். முறிந்த கைக்குத் தூளி கட்டினேன். தொடைக்கு ஒரு குடையை வைத்து அசையாமல் கட்டினேன். இரத்தம் பீய்ச்சினால் எங்கே அழுத்துவாய் என்று கேட்டார், அழுத்திக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

கடைசியில் ஸ்ட்ரெச்சர். நோயாளியாகப் படுத்தது நம் டிரைவர். "இந்த அறை ஒரு இந்தியர் வீடு. இவனை வெளியே வண்டிக்குக் கொண்டு போ" என்றார் துரை.

கால் முன்னால் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண் முன்னால் அந்த மாமியார்க்காரி கையை விரித்துக்கொண்டு நின்றாள். பொய்யாக ஒரு வீட்டைக் காட்டினாலும், அது வீடுதானே? "தலை முன்னால, திருப்புங்க அண்ணே" என்றேன்.

டிரசர் கண்ணை மூடிக்கொண்டார். ஆட்கள் திருப்பினார்கள். துரை பேனாவைத் தூக்கி, நிறுத்து என்றார். ஏன் இப்படி என்று கேட்டார்.

மாமியார்க்காரியில் தொடங்கி, பலகை வீட்டுப் படியில் நான் செய்த தப்பு, வாந்தி, அந்தத் தாயார் சொன்னது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். மூச்சு வாங்கியது. டிரசர் அதை இங்கிலீஷில் நாலே நாலு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார்.

"ஐயா, நான் சொன்னது முழுச் சேலை. நீங்க குடுத்தது கைக்குட்டை மாதிரி இருக்கே" என்றேன்.

ஆட்களில் ஒருவர் இருமலை அடக்கினார். டிரசர் என்னை முறைத்தார். பிறகு பெருமூச்சு விட்டு முதலிலிருந்து சொன்னார். நேரம் எடுத்துச் சொன்னார். படியில் நடந்ததைச் சொல்லும்போது கையைச் சாய்த்துக்கூடக் காட்டினார்.

துரை மீசையைத் தடவினார். பிறகு ஸ்ட்ரெச்சரில் இருந்த டிரைவரிடம் மலாயில், "உனக்கு எப்படிப் போக இஷ்டம்?" என்று கேட்டார்.

டிரைவர் படுத்தபடியே சலாம் வைத்தார். "சாயா பெலும் மாத்தி, துவான்!" நான் இன்னும் சாகலையே ஐயா என்கிறார். துரை சத்தம் போட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் முகம் மாறியது. வாசலுக்கு அப்பால் கூடத்துப் படிக்கட்டைக் காட்டி, "சரி, அதில் இறக்கு" என்றார். சோதிக்கிறார் என்று புரிந்தது. வாசலைத் தலை முன்னால் தாண்டினோம், ஒரு சுற்று, கால் முன்னால். நான் பக்கத்தில் டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்திலிருந்து கண் எடுக்காமல் இறங்கினேன். தலை ஒரு படியில்கூடக் காலை விடத் தாழவில்லை. கீழே வந்து நிமிர்ந்து பார்த்தேன். துரை எழுதிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து டிரசர் பெண்கள் வார்டுக்கு வந்தார். நான் தரை கழுவிக்கொண்டிருந்தேன். "வாளியை வையும்" என்றார். "தேறிட்டீர். புத்தகத்துக்கு மாறாய்ச் செய்ததுக்குக் கொஞ்சம் புள்ளி குறைச்சிருக்கு. ஆனால் இந்தியர் வீடுகளிலை இந்தப் பிள்ளை செய்யிற மாதிரியே செய்ய வேணும் எண்டு துரை கீழை எழுதியும் இருக்கிறார்." அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்தார். இங்கிலீஷ். ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று மதியமே அழைப்பு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைப் பக்கம், மூச்சுத் திணறுகிற ஒரு பெரியவர். ஆம்பிளை நோயாளிதான், ஆனாலும் இப்போது நான் வண்டியின் ஆள், ஏறி உட்கார்ந்தேன். வீட்டுக்குள் சாய்த்துப் படுக்கவைத்து, கழுத்துத் துணியைத் தளர்த்தினேன். அவர் மகன் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், எதையோ சொல்ல வாய் எடுத்தான்.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆட்கள் ஏற்கெனவே திருப்பிவிட்டார்கள். டிரசர் ஐயா வாசலுக்கு முந்திப் போய் அந்த மகன் தோளில் கை வைத்தார்.

"பயப்பிடாதையும் தம்பி, தலைதான் முன்னாலை வருது. கொஞ்சம் விலத்தும்."