பன்னிரண்டாம் கட்டில்காரர் சொன்னது

பிளஸ் டூ முடித்த கையோடு ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓசூருக்கு வந்து ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தேன். மத்திகிரியில் ஒரே அறையில் நான்கு பெண்கள் வாடகைக்கு இருந்தோம். எங்களில் ஒருத்தியின் கை ஒருநாள் காலை ஷிஃப்டில் பிரஸ் மிஷினில் சிக்கிக்கொண்டது. எல்லாரும் அலறினார்கள். நான் ஏன் அலறவில்லை என்று இன்றைக்கும் தெரியாது. துப்பட்டாவை அந்தக் கையில் இறுக்கிச் சுற்றி, கம்பெனி வேன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை உயரத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

அங்கே இருந்த நர்ஸ் துப்பட்டாவைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார். "இப்படித் தூக்கிப் புடிக்கணும்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. கீழ விட்டா ரத்தம் ஜாஸ்தி வந்துச்சு."

"அப்பறம் நீ என்னாத்துக்கு மிஷின்கிட்ட நின்னுக்கிட்டிருக்க?"

தோழிக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. அவள் ஊருக்குத் திரும்பினாள். மறுவருடம் நான் கம்பெனியை விட்டு நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கினேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "தலைமுறையா அடுத்தவன் கொட்டாயில சாணி அள்ளுனோம். நீ படிச்சுட்டும் பீ அள்ளத்தான் போறியா?" என்றார். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாரிடமும் அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

பல வருடங்கள் கழித்து நெடுஞ்சாலையோரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை சிகிச்சை வார்டுக்குப் பொறுப்பாளர் ஆனேன். பக்கத்து நர்சிங் கல்லூரி மாணவிகள் பயிற்சிக்கு என் வார்டுக்கு வருவார்கள். முதல் நாளே அவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: "மானிட்டர் சொல்றதுக்கு முன்னாடி நோயாளி சொல்லிடுவாரு. காது கொடுத்துக் கேளுங்க."

அப்படி வந்தவர்களில் குருபரப்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இறுதியாண்டு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். ஊசி போடுவதில் மற்றவர்களைவிட மெதுவானவள். ஆனால் கட்டில் பக்கத்தில் நின்று பேச அவளுக்கு நேரம் இருந்தது. கம்பெனி லைனில் வேலை பார்த்தபோது எனக்குக் கன்னடம் ஒட்டிக்கொண்டது, தெலுங்கு வரவேயில்லை. அதனால் தெலுங்குக்காரர்கள் யார் வந்தாலும் அவளைத்தான் அனுப்புவேன்.

பன்னிரண்டாம் கட்டிலில் குந்தாரப்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் படுத்திருந்தார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. காலை ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வந்திருந்த நேரம், அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், பன்னெண்டாம் பெட்காரர் மூச்சு இழுத்தா நெஞ்சு புடிக்குதுங்கறாரு. நேத்துல இருந்து ஒரு கால் கனமா இருக்குதாம்."

"பீ.பி. பாத்தியா?"

"நார்மல்தான் மேடம். பல்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி."

"சரி. ரவுண்ட்ஸ் முடியட்டும். கேஸ் ஷீட்டெல்லாம் எடுத்து வை."

கால் கனம், மூச்சில் வலி, வேகமான நாடி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறுகிறது என்று பாடம் நடத்தியவளே நான்தான். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார், நானும் நகர்ந்தேன். அவள் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டு கேஸ் ஷீட் எடுக்கப் போனாள்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. பாத்ரூம் வாசலில் பன்னிரண்டாம் கட்டில்காரர் விழுந்தார். அவள்தான் முதலில் ஓடிப்போய் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும் அவள் கையை நாங்கள்தான் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது. அவருடைய மனைவி இட்லிப் பொட்டலத்தோடு படியேறி வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் மேலே கூப்பிட்டார்கள். நிர்வாகத்தில் இருந்தவர் குரலை உயர்த்தவேயில்லை. "ஸ்டூடண்ட் சரியா சொல்லலன்னு எழுதிடுங்க சிஸ்டர். அவளுக்குப் போறதுக்கு வேலையா இருக்குது?"

காகிதத்தை வாங்கிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தேன். எழுதிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதை மறைத்துச் சொல்ல விருப்பமில்லை. ஒரு வரி எழுதினேன், கிழித்தேன். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். வார்டுப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். மாணவிகளை என்னிடம் அனுப்புவதையும் நிறுத்தினார்கள். இறந்தவரின் மனைவியிடம் மாரடைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெண் என்னைத் தேடி வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தம்மாகிட்ட யாரு மேடம் சொல்லுவாங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் போனோம். அந்தம்மா வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் சொன்னேன், அவள் தெலுங்கில் சொன்னாள். உங்கள் வீட்டுக்காரர் உடம்பு சரியில்லை என்று இந்தப் பெண்ணிடம் சொன்னார். இவள் என்னிடம் சொன்னாள். நான் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். கடைசி வரியை மொழிபெயர்க்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

அந்தம்மா கடலைத் தோலை முறத்திலிருந்து ஊதித் தள்ளினார். பிறகு தெலுங்கில் ஏதோ கேட்டார். அவள் என்னைப் பார்த்து, "உடனே பாத்திருந்தா பொழைச்சிருப்பாரான்னு கேக்கறாங்க" என்றாள்.

"தெரியல. பொழைச்சிருக்கலாம்."

அதற்கு அந்தம்மா அவளைப் பார்த்து நீளமாக எதையோ சொன்னார். என் பக்கம் திரும்பவேயில்லை. பஸ் நிறுத்தத்தில் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"வேணாம் மேடம்," என்றாள். "அது எனக்குச் சொன்னது."

அவள் படிப்பை முடித்து பெங்களூரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவள் போன் செய்ததில்லை. நானும் செய்யவில்லை, செய்து என்ன பேசுவது?

இப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். ஆள் பற்றாக்குறையால் மாணவிகளை மறுபடி என்னிடம் அனுப்புகிறார்கள். முதல் நாள் அறிவுரை எதுவும் சொல்வதில்லை. இதைத்தான் சொல்கிறேன், என் பங்கை முதலில் வைத்து. சிலர் குறிப்பெடுக்கிறார்கள். சிலர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். போன வருடம் ஒருத்தி முடியும்வரை கேட்டுவிட்டு, "பயமா இருக்குது மேடம்" என்று அழுதாள். அடுத்த வாரம் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கம்பெனியில் சேர்ந்துகொண்டாளாம். அவளைப் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை.