தைத்த காலணி

அப்பாவிடம் கருவிப்பெட்டி என்று ஒன்று இருந்ததில்லை. சிலிபினில் இருந்த எங்கள் வீட்டில் அவர் கைக்கு அகப்படுவதெல்லாம் கருவிதான். அத்தை பத்து காஜா ஊர் மருத்துவமனையில் இருந்த மாதங்களில் அத்தை மகள் எங்களோடு தங்கினாள். என் வயது, என் கால் அளவு. அவளுடைய பள்ளிக் காலணி வாயைப் பிளந்தபோது அப்பா மோட்டார் சைக்கிளின் பழைய ஆரக்கம்பி ஒன்றைத் தேய்த்து ஊசியாக்கினார். தூண்டில் நரம்பு நூலாயிற்று. வெடித்த டியூபின் துண்டு அடிப்பகுதியாயிற்று.

“கால நீட்டுமா. எங்க கடிக்கிது?”

“கடிக்கல மாமா.”

அவள் பாதத்தை மடியில் ஏந்தி, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். எனக்குப் புதுக் காலணி வாங்கிய அன்று கடை வாசலில் கைப்பேசியோடு நின்றிருந்தவர் அவர்தாம்.

அவளுடையது மேலும் இருமுறை பிய்ந்தது. இருமுறையும் அதே மடி. மூன்றாம் வாரம், வீட்டில் எவருமில்லாத வேளையில், சமையலறைக் கத்தியால் என் புதுக் காலணியைக் கீறினேன்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிஞ்ச மாதிரி இல்லையே. வெட்டுன மாதிரில இருக்கு.”

“எலியா இருக்கும்பா.”

“பாராங் கத்தி வச்சிருக்கிற எலி லா!”

அத்தை மகள் சிரித்தாள். அதை நான் மன்னிக்கவில்லை.

மறுநாள் மாலை எனக்கு வேறொரு புதுக் காலணி வந்தது. நான் கீறியதை அப்பா தைத்தார், அவளுக்காக. அவளுடையது இனி ஊசி தாங்காதாம். நான் பாடுபட்டுத் தேடிய மடியில் மறுபடியும் அவள் பாதம்.

காலையில் வாசற்கதவருகே அவளை நிறுத்தினேன்.

“மாத்திக்கலாமா?”

“நெசமாவா? அப்பறம் திருப்பிக் கேக்கக் கூடாது.”

“கேக்கமாட்டேன் லா.”

என் புதுக் காலணியின் கயிற்றைக் கட்டுமுன் இருமுறை என் முகத்தைப் பார்த்தாள். தையலின் முடிச்சு என் கட்டைவிரலை முதல் அடியிலேயே கடித்தது. மாலையில் அப்பா கேட்டால் சொல்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. அவளை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்ற களிப்பில், இரவு மழை தேக்கியிருந்த நீரை மிதித்துக்கொண்டு நடந்தேன். அவளோ பின்தங்கியே வந்தாள். பள்ளிக்கு நேரமாகிறது என்று கடிந்துகொண்டேன். இவள் ஏன் ஒவ்வொரு குட்டையையும் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறாள் என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.